இருபத்துமூன்றாம் பெயர்

பேய் இரவில்தான் வரும் என்பார்கள். எனக்கு அது பட்டப்பகலில் வந்தது. கனடாவின் ஸ்காபரோவில், பதினோராம் மாடியில், யன்னல் முழுவதும் வெயில் விழுந்திருந்த வேளையில். யாழ்ப்பாணத்திலும் இந்நகரிலுமாக முப்பத்துநான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். எண்களையும் நேரங்களையும் மாற்றிச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கைத்தான் பொய்யாகச் சொன்னேன். அதையும் இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

மார்ச் 4, திங்கட்கிழமை, பிற்பகல் 2.30. பக்கத்து வீட்டு மரியோ ஒரு சிறு நூலுடன் வந்தார். இத்தாலியின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து குடியேறியவர் அவர். அவ்வூர்க் காற்பந்து மைதானத்தின் பழைய பார்வையாளர் மாடத்தை இடிக்கப்போகிறார்களாம். அதன் வரலாற்றை நூலாக வெளியிட்டிருந்தார்கள்.

"ரீச்சர், எங்கட ரீம் ஒருநாளும் முதற்பிரிவுக்குப் போகேல்லை. கத்துறதில மட்டும் முதற்பிரிவு!" என்று சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினார்.

முப்பதுகளில் கட்டினார்களாம். போர்க்காலத்தில் கைதிகளை வைத்தார்களாம். பின்னர் அங்கே கோதுமை காயவைத்தார்களாம். ஆறு பெருக்கெடுத்த ஆண்டில் ஊரே அந்தப் படிகளில் உறங்கியதாம். பிறகு ஒரு வரி: '1990, ஒக்ரோபர், நவம்பர். புல் மாற்றுவதற்காக மைதானம் மூடப்பட்டிருந்தது.'

"நான் அங்க இருந்தனான், மரியோ."

"உண்மையாவோ? எந்த மட்ச்?"

"மட்ச் இல்லை. புல்லும் மாத்தேல்லை. எங்களை அடைச்சு வைச்சிருந்தவங்கள்."

அவர் நூலை மூடினார். ஏதோ அலுவல் என்று எழுந்து போனார்.

சரியாக 3.00 மணி. விசில் ஒன்று ஒலித்தது. நடுவர் ஊதும் விசில். நீண்ட ஊதல். வெளியிலிருந்து அல்ல... அறைக்குள்ளிருந்து. பிறகு சுவருக்குள் மூன்று தட்டல்கள்.

டக்... டக்... டக்.

மறுநாளும் அதே நேரம் கேட்டது. புதன்கிழமை கட்டடப் பொறுப்பாளர் கரோலினை அழைத்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "உங்களுக்கு மின்சாரச் சூடாக்கி. இந்தச் சுவருக்குள்ள குழாயே இல்லை" என்றார்.

வியாழனன்று ஈரச் சுண்ணாம்பு மணத்தது. வெள்ளியன்று கம்பளத்தின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று கிடந்தது. மைதானத்தின் எல்லைக்கோடுபோல் நேரான, நான்கு விரல் அகலக் கோடு. அது சுவரில் தொடங்கியது. சனியன்று என் நாற்காலிக் காலைத் தொட்டது.

ஞாயிறு, மார்ச் 10. மூன்று மணிக்கு எதுவும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம். கடவுளுக்கு நன்றி சொல்லித் தேநீர் போட்டேன்.

4.00 மணிக்கு விசில் ஒலித்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று அதிகாலையில்தான் கனடாவின் கடிகாரங்களை ஒரு மணிநேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். இத்தாலியில் அது மாத இறுதியில்தான். நேற்று வரை எங்கள் மூன்று மணி அவர்களுக்கு இரவு ஒன்பது. இன்று எங்கள் நான்கு மணி அவர்களுக்கு ஒன்பது.

அந்த விசில் என் வீட்டு நேரத்துக்கு ஒலிக்கவில்லை. மைதானத்தின் நேரத்துக்கு ஒலித்தது.

ஒன்பது மணிக்கு அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கள்ளமாக எல்லை கடக்கையில் லொறியொன்றில் பிடிபட்ட முப்பத்தெட்டுத் தமிழரை அந்த மாடத்தின் கீழே வைத்திருந்தார்கள். எங்கள் பெயர்கள் காவலர் வாயில் நுழையவில்லை. ஆசிரியன் என்பதால் இடாப்பை, அந்தப் பெயர்ப்பட்டியலை, என்னிடம் தந்தார்கள். ஒன்பது மணிக்கு விசில் ஊதுவார்கள். நான் பெயர் வாசிப்பேன். ஒவ்வொருவரும் "இருக்கிறன், சேர்" என்பார்கள். காவலர் தலைகளை எண்ணவில்லை. குரல்களையே எண்ணினார்கள்.

இருபத்துமூன்றாம் பெயர் பத்மநாதன். அவனுடைய அக்கா யோகராணி இங்கே ஸ்காபரோவில்தான் இருக்கிறாள். அவன் தப்பிப் போய்விட்டான், சுவிசில் இருப்பான் என்று அவளுக்கு நான் சொல்லியிருந்தேன். அதனால் அவள் அவனுக்கு அதுவரை ஓர் ஈமக்காரியமும் செய்யவில்லை. மார்ச் 12 அவன் பிறந்தநாள். ஆண்டுதோறும் அன்று பாயசம் கொண்டுவருவாள்.

இம்முறையும் வந்தாள்.

மணி 3.50. "பிள்ளை, வெளிக்கிடும். இருட்டிப் போகும்" என்றேன்.

"என்ன சேர், வெயில் எறிக்குது! பஸ் நாலு ஐஞ்சுக்குத்தான். என்னைத் துரத்துறியளோ?"

3.58.

3.59...

விசில்.

"ஆர் சேர் உள்ளுக்கை விசில் அடிக்கிறது?"

அவளுக்கும் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். என் வாய் தானாகவே வாசிக்கத் தொடங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று... யாரும் பதில் சொல்லவில்லை. இருபத்திரண்டு...

"பத்மநாதன்."

சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இருக்கிறன், சேர்."

யோகராணி சுவரிடம் ஓடினாள். இரு கைகளையும் அதில் வைத்தாள். காதையும் வைத்தாள். பின்பு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது தம்பியின்ர குரல் இல்லை."

...

"சேர், இது உங்கட குரல்."

டக்... டக்... டக்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாடத்தின் அடியில், சுவரையொட்டி, ஆற்றுக்குப் போகும் வடிகால் ஒன்று இருந்தது. பத்மநாதன் அதற்குள் இறங்கினான். இரும்பு மூடியை நானே மூடினேன். காவலர் காணாதிருக்கப் புல் உருட்டும் உருளையையும் அதன்மேல் தள்ளி வைத்தேன். அன்றிரவு அவன் பெயரை வாசித்து, தலையைக் குனிந்து, குரலை மாற்றி, நானே பதில் சொன்னேன். ஒன்பது இரவுகள் சொன்னேன். அந்த இரவுகளில் சுவருக்குள் தட்டும் சத்தம் கேட்டது. "குழாய்க்குள்ள காத்து" என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். பத்தாம் நாள் எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள்.

"உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையோ, சேர்?"

"வந்தது. உருளையை விலக்கினால் இடாப்புப் பொய் எண்டு தெரிஞ்சிடும். எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்கள்."

"எல்லாரையும்... உங்களையும்."

பாயசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த நாலு ஐந்து பஸ்ஸை அவள் பிடித்தாளோ, தெரியாது.

பதின்மூன்றாம் திகதி விசில் ஒலிக்கவில்லை. அதன் பின்னர் ஒருநாளும் ஒலிக்கவில்லை. கம்பளத்தில் கோடும் இல்லை.

மே மாதம் மரியோ கதவைத் தட்டினார். இம்முறை சிரிக்கவில்லை. மாடத்தை இடித்தவர்கள் வடிகாலைத் திறந்தார்களாம். ஆற்றுப் பக்கம் கம்பி வலை அடைத்திருந்ததாம். உள்ளே ஒருவருடைய எலும்புகள் கிடந்தனவாம்.

யோகராணி பின்னர் காரியங்களைச் செய்து முடித்தாள். எனக்குச் சொல்லியனுப்பவில்லை.

அன்று மரியோ போகும்போது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வடிகாற் சுவர். இடுப்புப்பட்டிக் கொளுக்கியால் கீறிய சிறு கோடுகள். நான் எண்ணவில்லை.

"ஒன்பது, ரீச்சர்" என்றார் அவர். "உள்ள ஒரே இருட்டு. இரவு பகல் தெரியாது. எதை வைச்சு எண்ணினவரோ?"

கைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஒரு விசயம் தெரியுமோ? மேல நிண்டு கதைச்சா அந்த வடிகாலுக்குள்ள ஒவ்வொரு சொல்லும் கேக்குமாம்."