தட்டில் கொல்வதெல்லாம் மருந்தல்ல

அன்று காலையில் பாறசாலையில் ரயில் ஏறி உட்கார்ந்தபோது ஆய்வுக்கூட வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ரெஜினா போய்விட்டாள். மாரடைப்பு. நெய்யாற்றின்கரையில் அவள் ஏறுவாள் என்று பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தேன். என்ன அவசரம் இவளுக்கு என்று கோபம்தான் முதலில் வந்தது. அவளை அறிந்த உங்களுக்கு இந்த நினைவுக் குறிப்பை எழுதும்போதும் ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. செடிகளின் சாறு புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏவை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒருமுறை, முள்சீத்தா என்கிற முள்ளாத்தையின் இலைச் சாறு பட்டு, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருந்தது. நான் கைதட்டிவிட்டேன். “பொறு மக்கா, நல்ல செல்லுலயும் ஊத்திப் பாக்கட்டும்” என்றாள். அதிலும் துண்டாகியிருந்தது. “கள்ளனையும் வீட்டுக்காரனையும் சேத்து அடிக்குது” என்று சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

ரயிலில் நாங்கள் பேசியதில் பாதி மட்டும் யார் காதிலோ விழுந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபைச் செயலாளர் அதை ஸ்தோத்திர அறிவிப்போடு வாசித்துவிட்டார்: கேன்சருக்கு முள்ளாத்தை இலை என்று கண்டுபிடித்துவிட்டார்களாம்! எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் எந்த முள்ளாத்தை மரத்திலும் இலை இல்லை.

என் அக்கா ஸ்டெல்லாவுக்கு அப்போது சினைப்பையில் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்தது. ஜெபக்குழுப் பெண்கள் கொண்டுவந்த இலைக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று படுத்துவிட்டாள். வாந்தி எடுத்து எடுத்து நொந்துபோனவள். கெஞ்சினேன், கத்தினேன். ம்ஹூம். அக்காவைப் பறிகொடுக்கப் போகிறேன் என்று பயந்து ரெஜினாவுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் ரெஜினா வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்தச் சாறை ஊத்திப் பாத்தது நானாக்கும்.”

“செல்லு செத்துச்சுல்லா?” என்றாள் அக்கா.

“உப்பை அள்ளிப் போட்டாலும் சாவும். தட்டுல கொல்லுறதெல்லாம் மருந்தா?”

“அவங்க ஏத்துறது விஷம். இலை தெய்வம் தந்தது.”

“உங்களுக்கு ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்தும் ஒரு மரத்துல இருந்து வந்ததாக்கும். அந்த மரத்தை யாரு தந்தா?”

அக்கா திரும்பிப் பார்த்தாள். ரெஜினா தன் துப்பட்டா நுனியை முறுக்கிக் காட்டினாள். “டிஎன்ஏ இப்படி முறுகிக் கெடக்கும். செல்லு ரெண்டாவணும்னா முறுக்கு எளகணும். அதுக்கு ஒரு இடத்துல வெட்டி, பின்ன ஒட்டும். இந்த மருந்து ஒட்ட விடாது. ஓயாம பெருகுற செல்லுக்குத்தான் அடி கூடுதல். முடியோட வேரும் அப்படிப் பெருகுறதாக்கும், அதுக்கும் அடி விழுது. எவ்வளவு குடுக்கலாம்னு வருசக்கணக்கா பாத்திருக்காங்க. இந்தக் கஷாயத்துக்கு அந்த அளவு யாருக்கும் அறியாது. எனக்கும் அறியாது.”

‘எனக்கும் அறியாது’ என்ற அந்த வார்த்தைதான் அக்காவை அசைத்தது என்று நினைக்கிறேன். அடுத்த ஊசிக்கு வந்தாள். ரெஜினா லீவு போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறு எங்கள் சபைக்கே வந்து, எழுந்து நின்று, அறிவிப்பு தவறு என்றாள். அதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. “போட்டும், காது கேட்டுச்சுல்லா” என்றாள் வெளியே வந்து.

ரெஜினாவின் அடக்கத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்து மேட்டில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். பின்னால் வந்த ஒரு பெண், “இவ்வளவு படிச்சவளுக்குத் தன்னைக் காப்பாத்தத் தெரியல்லியே” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா நின்று திரும்பினாள்.

“என்னைக் காப்பாத்தத் தெரிஞ்சுதுல்லா?” என்றாள்.

ரெஜினாவின் புத்தகங்களில் ஒன்றை நினைவுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் அவள் வீட்டார். வேண்டாம் என்றேன். என் வீட்டில் அக்கா இருக்கிறாள்.