அதே மாஸ்ட்

மூன்றாவது சுற்றில் வேட்டியின் ஓரம் மடிந்து குழாயின் பிளவில் சிக்கிக்கொண்டது.

"இழுக்காத" என்றான் லோகேஸ்வரன். "கம்பியைப் பின்னால திருப்பு. மெதுவா."

அவன் மனைவி எஸ்தர் திருப்பினாள். ஆளுயர பிவிசி குழாய். அதில் மேலிருந்து கீழ்வரை ரம்பத்தால் ஒரு பிளவு அறுத்திருந்தான். உள்ளே ஒரு கம்பி. கம்பியோடு அவனுடைய பழைய வேட்டியின் ஓரத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தான். கம்பியைத் திருகினால் வேட்டி பிளவு வழியாக உள்ளே போய்ச் சுருள வேண்டும். காற்றில் ஓடும் படகுகளில் பெரிய பாயை மாஸ்டுக்குள் சுருட்டி வைப்பது இப்படித்தான். மாஸ்ட் என்பது படகின் நடுவில் நிற்கும் பாய்மரம். இப்போதெல்லாம் அது மரம் இல்லை, அலுமினியக் குழாய்.

சிக்கியதை எடுக்க அவன் இடது கையை நீட்டினான். அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்தன. பிறகு வலது கையை நீட்டி எடுத்தான்.

"படகு வாங்குறவரு அவரு. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா?" என்றாள் எஸ்தர்.

"மேடத்துக்குக் காட்டணுமாம்."

மணிவண்ணன் நான்கு வருடம் கழித்துத் திங்கட்கிழமை போன் செய்திருந்தார். சென்னைக்காரர். வளைகுடாவில் வியாபாரம். அவருடைய படகில் லோகேஸ்வரன் இரண்டு வருடம் வேலை பார்த்தான். அந்தப் படகை விற்றுவிட்டதாகவும், தானும் மனைவியும் மட்டும் நிதானமாக ஓட்டிப் போவதற்கு வேறொன்று வாங்குவதாகவும் அவர் சொன்னார். பெரிய பாய்க்கு என்ன ஏற்பாடு என்பதில்தான் நின்றுபோயிருக்கிறது. மாஸ்டுக்குள் சுருட்டலாம். பாயின் அடியில் கிடைமட்டமாக நீளும் பூமுக்குள் சுருட்டலாம். எந்த மிஷினும் இல்லாமல் கீழே இறக்கி மடித்துக் கட்டலாம். லோகு எதைச் சொல்கிறானோ அதைப் போட்டால்தான் படகில் கால் வைப்பேன் என்று மேடம் சொல்லிவிட்டார்.

நண்பர் ஒருவரின் படகுப் பட்டறைக்கு சூப்பர்வைசர் தேவைப்படுகிறது, கை ஒரு பிரச்சினையில்லை, மேற்பார்வைதான், வியாழக்கிழமை வீடியோவில் பேசும்போது அதையும் முடித்துவிடலாம் என்றார். போனை வைப்பதற்கு முன்னால், அந்தப் பழைய மாஸ்ட் மிஷின் எவ்வளவு மோசம் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் நம்பவில்லை என்றார்.

லோகேஸ்வரனுக்கு ஊர் மாகறல். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவன் ஐடிஐயில் பிட்டர் படித்தான். இருபத்து மூன்று வயதில் ஷட்டர் மாட்டும் வேலைக்கு வளைகுடா போனான். அவன் வேலை பார்த்த கிடங்குக்குப் பக்கத்தில் படகுப் பட்டறை இருந்தது. மாஸ்டில் ஏற ஆள் கிடைக்காத ஒரு நாள் இவனைக் கூப்பிட்டார்கள். ஏறினான். அப்புறம் ஷட்டர் பக்கம் திரும்பவில்லை. அறுபதடி உயரத்தில் தொங்கிக்கொண்டு கம்பிகளைச் சரிபார்ப்பான். நீச்சல் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஊரில் அவனைக் கப்பல்காரன் என்றார்கள். முதல் இரண்டு விடுமுறையில் திருத்திப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

விரல்கள் போன நாளைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. எஸ்தரிடம் மட்டும் ஒரே ஒரு முறை சொன்னான். பாய் பழையது, தொளதொளத்துப் போயிருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை சொல்லியிருந்தான். கருமேகம் வந்தது. அவசரத்தில் தளர்வாகச் சுருட்டினதில் துணி மடிந்து பிளவில் பாதியில் நின்றது. கயிற்றில் தொங்கும் இருக்கையில் அவன் மேலே போனான். நான் சொல்லும்வரை கம்பியைச் சுழற்றும் மோட்டாரின் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பிளவுக்குள் விரல்விட்டு மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது கம்பி சுழன்றது. கீழே பார்த்தான். மணிவண்ணன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கட்டைவிரல் சுவிட்சில் இருந்தது.

மேடம் அப்போது கீழே அறையில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு மணிவண்ணன் தினமும் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். நான்காம் நாள் ஒரு தாள் கொண்டுவந்தார். சுவிட்ச் தானாக இயங்கியது, சாதனத்தில் கோளாறு என்று அதில் இருந்தது. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. லோகேஸ்வரன் கையெழுத்துப் போட்டான்.

இப்போது காஞ்சிபுரம் பட்டுக்கடைகளுக்கு ஷட்டர் ரிப்பேர் செய்கிறான். மோட்டார் ஷட்டர் என்றால் முதலில் பியூசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அப்புறம்தான் ஏணி. பியூசைத் திருடுற மெக்கானிக்கை இப்பத்தான் பாக்குறேன் என்று பட்டுக்கடை மயில்வாகன முதலியார் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு போன் வரும் என்பதால் எஸ்தர் மூன்றரைக்கே முகம் கழுவி வேறு புடவை கட்டியிருந்தாள்.

"மிஷினு கெட்டதுன்னு சொல்லிட்டுப் போயேன்யா. மிஷினு இன்னா, மனசு நொந்துக்கப்போவுதா?"

அவன் வேட்டியை மறுபடி இழுத்துக் கட்டினான்.

திரையில் மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மணிவண்ணன் பின்னால் நின்றார். எஸ்தர் போனைப் பிடித்துக்கொண்டாள். அவன் குழாயைப் படுக்கப் போட்டு பூம் வகையை முதலில் காட்டினான். ஏதாவது ஆனால் பாயைக் கீழே இறக்கிவிடலாம், அது நல்லது. ஆனால் பூம் கொஞ்சம் சாய்ந்தாலும் துணி ஒரு பக்கமாக நகர்ந்து போகும், தடம் மாறின ஷட்டர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் படகைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். மடித்துக் கட்டுவதென்றால் மழையில் ஒருவர் மாஸ்ட் அடிக்குப் போக வேண்டும், சாருக்கு அறுபத்திரண்டு ஆகிறது. எல்லாவற்றையும் மேடம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அப்போ மாஸ்ட் வேணாம். அதானே லோகு?" என்றார் மணிவண்ணன்.

அவன் குழாயை நிமிர்த்தி வைத்தான். திருகினான். வேட்டி ஒரு மடிப்பில்லாமல் உள்ளே போனது.

"இல்ல சார். உங்க ரெண்டு பேருக்கு மாஸ்டுதான் தோது. அதே மாஸ்டு. பாயைப் புதுசா போடுங்க. சுருட்டுறப்ப பாயோட கீழ்முனைக் கயிறை ஒரேயடியா விடாம இறுக்கிப் புடிச்சுக்கினே விடுங்க. சிக்காது."



"அதுதானேப்பா உன் கையை எடுத்துச்சு?" என்றார் மேடம்.

"சிக்கிச்சுன்னா ஒரு ஆள் மேல இருக்கிறப்ப சுவிட்சு பக்கத்துல யாரும் நிக்கக்கூடாதும்மா. அவ்ளோதான். மிஷின்ல ஒண்ணும் இல்ல."

மேடம் எழுதுவதை நிறுத்தினார்.

"அன்னிக்கு சுவிட்ச் பக்கத்துல யார் நின்னது?"

பின்னால் மணிவண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், லோகேஸ்வரனுக்குத் தன் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தெரியலம்மா. நான் மேல இருந்தேன்."

மேடம் நோட்டை மூடினார். பிறகு எஸ்தரை நலம் விசாரித்தார். நெட் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்றார் மணிவண்ணன். நெட் நன்றாகத்தான் இருந்தது. பட்டறை வேலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

எஸ்தர் போனை ஜன்னலில் வைத்தாள்.

"மிஷினையும் காப்பாத்திட்ட. அவரையும் காப்பாத்திட்ட. உனுக்கு இன்னா மிஞ்சிச்சு?"

அவன் குழாயிலிருந்து துணியை உருவினான்.

"வேட்டி" என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு மயில்வாகன முதலியார் கடை ஷட்டர் பாதியில் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். போனான். பியூசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. பதினோரு மணிக்கு மணிவண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது. பூம் வகையையே முடிவு செய்துவிட்டதாகவும், பட்டறையில் ஏற்கனவே இருக்கும் ஒருவரையே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டதாகவும், அவன் உதவிக்கு நன்றி என்றும் இருந்தது. படித்துவிட்டுப் புது ஸ்பிரிங்கை மாட்டினான். இறங்கி வந்து பியூசைப் போட்டான். ஷட்டர் மேலே போனது. வெளியே காத்திருந்தவர்கள் கடைக்குள் போனார்கள். வீட்டில் எஸ்தர் குழாயைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், பிளவு மேலே இருக்கும்படி, குளிக்கிற தண்ணீர் அதன் வழியே ஓட வடிகாலாகப் போட்டிருந்தாள்.