கப்புக்கு அடியில் அரக்கு

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் லைனில் நின்று வேலை பார்த்தேன். பெல்ட்டில் ஒன்று நகர்ந்து போவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒப்பந்தம் முடிந்தது என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே கை சும்மா இருக்க மறுத்தது. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். துலக்கி வைத்த பாத்திரத்தைத் திரும்பவும் துலக்குவேன். "செத்த ஒரு இடத்துல உக்காரேன்" என்பார் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் கால் ஆடும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலேயே பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். வெட்டி விழுந்த பட்டுத் துண்டுகள் அவரிடம் கோணி கோணியாகக் கிடக்கும். ஒருநாள் அவர் டீ டம்ளரைத் தையல் மிஷின் பலகையிலேயே வைத்தார். அடியில் ஈர வட்டம். பக்கத்தில் யாருடையதோ கல்யாண பிளவுஸ். எனக்குப் பதறியது. ஒரு பை நிறையத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலைந்தை ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய போர்வைத் துண்டை வைத்து, பின்பக்கம் காடாத் துணி கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டேன். ஒரு கப்பும், பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டோ முறுக்கோ வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன விரிப்பு.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. இதே மாதிரி கட்டிலுக்குப் பெரிசா தைக்கலாமே?"

"ஒண்ணையே மாசக்கணக்குல பாத்துக்கினு இருக்க என்னால ஆவாதுக்கா."

அதுதான் உண்மை. இது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததுமே அடுத்ததற்கு நிறம் தேட ஆரம்பித்துவிடுவேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்காரர், அக்காவுக்குத் தெரிந்தவர், பத்து விரிப்பு வாங்கிக்கொண்டார். புடவை பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது அவர் கடை வழக்கம். கப்புக்கு அடியில் என் விரிப்பைப் போட்டார். இது எங்கே கிடைக்கும் என்று வந்தவர்கள் கேட்கத் தொடங்கியதும், கல்லாவுக்குப் பக்கத்தில் என் கூடையை வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார். வாரத்துக்கு இருமுறை போய்க் கூடையை நிரப்புவேன். நடுவில் காரணமே இல்லாமல் இன்னும் இருமுறை போய் எட்டிப் பார்ப்பேன்.

ஆவணியில் ஒரு காலை அவரே போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா." எதற்கென்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். ஷேர் ஆட்டோ வரும்வரை நிற்க முடியாமல் பாதித் தூரம் நடந்தே போனேன்.

கடையில் வெள்ளை மெத்தைமேல் சந்தன நிறப் புடவை ஒன்று விரிந்திருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கென்று எடுத்து வைத்தது. யாரோ கப்பைத் தட்டிவிட, காபி விரிப்பில் மட்டும்தான் கொட்டியிருக்கிறது. புடவைமேல் பட்டுவிடக்கூடாதே என்ற அவசரத்தில் விற்பனைப் பையன் விரிப்பை இழுத்திருக்கிறான். அது போய்ப் புடவையின் மடிப்பிலேயே விழுந்துவிட்டது. காபிக் கறை லேசாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி, கட்டைவிரல் அகலத்துக்கு, ரோஸ் நிறம். என் விரிப்பில் இருந்த அரக்கு நிறத் துண்டு சாயம் விட்டிருந்தது.

நான் தைத்த ஒன்றைக்கூட ஒருமுறையும் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. காபிக்கு அடியில் போடுகிற துணியை! அது அப்போதுதான் உறைத்தது.

பெண் வீட்டார் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சாயக்காரரிடம் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றேன். கடைக்காரர் புடவையை என்னிடம் தரத் தயங்கினார். பிறகு தானே எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன்.

சாயக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தேய்க்காம கொண்டாந்தீங்க. அதுவே நல்லது. ஒரு மணி நேரம் ஆவும், உக்காருங்க."

கடைக்காரர் உட்கார்ந்தார். நான் வாசலுக்கும் சாயத் தொட்டிக்குமாக நடந்தேன்.

"இன்னாமா, நீ நடந்தா கறை சீக்கிரம் போயிடுமா?" என்றார் சாயக்காரர், தலையை நிமிர்த்தாமல்.

ரோஸ் நிறம் பெரும்பாலும் போய்விட்டது. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் ஒரு நிழல் தெரிந்தது. திரும்பி வந்தபோது பெண் வீட்டார் காத்திருந்தார்கள். கடைக்காரர் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். "என் துணிதாங்க சாயம் விட்டுது. கடை மேல தப்பு இல்ல."

பெண்ணின் அம்மா புடவையைத் தொடவே இல்லை. "முகூர்த்தத்துக்குக் கறை பட்டது வேணாம்பா. வேற காட்டுங்க." பத்து நிமிடத்தில் மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணோ, பில் போடும்வரை சந்தனப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்கள் போனபின், ஈடாக ஏதாவது செய்கிறேன் என்றேன். கடைக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அது எப்படியாவது வித்துடும்மா. ஆனா கூடைய எடுத்துக்கினு போயிடு. கோச்சிக்காத." கோபப்பட எனக்கு என்ன இருந்தது?

மூன்று வாரம் ஊசியைத் தொடவில்லை. மறுபடியும் மடித்த துணியைப் பிரித்து மடித்தேன். கடைசியில், அக்காவிடமிருந்து கொண்டுவந்து வைத்திருந்த துண்டுக் கோணியைக் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகச் சூடான காபியில் போட்டேன். காபியில் நிறமே தெரியவில்லை. வெந்நீருக்கு மாறினேன், வெள்ளைக் கிண்ணத்தில். நீலமும் அரக்கும் மளமளவென்று இறங்கின. கோணியில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஜனங்க உடம்புல போட்டுக்கினு வேர்க்குதுங்களே" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அக்காவின் கடை வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். ஒவ்வொரு துண்டும் ஒரு பகல் முழுக்க ஊற வேண்டும். தைப்பதைவிட அதுதான் எனக்குக் கஷ்டம். இன்று காலை ஒரு பச்சைத் துண்டைப் போட்டிருக்கிறேன். ஐந்து முறை எழுந்துபோய்ப் பார்த்தாகிவிட்டது. தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.