காதுக்காரர் ஒரு ஜீப் வாங்கினார்

காதுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். உள்ளே எந்த பேரிங் முனகுகிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். பழைய ஜீப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் அவரைக் கூட்டிப்போகாமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அவர் தலையாட்டி வாங்கிய வண்டிகள் வட்டாரத்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவரோ ஓட்டை ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. சகலை ஒருத்தர் வாய்த்திருந்தார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், டைல்ஸ் கடை வைத்திருந்தார். தொட்டதெல்லாம் துலங்கிற்று. மாடி கட்டினார், சரி. கார் வாங்கினார், சரி. ஆளாவது கொஞ்சம் அலட்டிக்கொண்டால் மனசார வெறுக்கலாம். அதற்கும் வழியில்லை. "சகலை, சகலை" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு வந்து நிற்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே காதுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சகலைக்கு ஜீப் ஆசை வந்தது.

"ஒரு மரக்கடைக்காரர் ஷெட்டுல பழைய ஜீப் ஒண்ணு நிக்குது. நாலு சக்கரமும் இழுக்குமாம். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது சகலை. நீங்க வந்து பாருங்க. நீங்க சரின்னா வாங்குறேன், வேண்டாம்னா வேண்டாம்."

போனார்கள். மரக்கடை வாசலில் வெயிலில் நின்றது ஜீப். மங்கிய பச்சை, முன்பக்கம் மடக்கிவிடுகிற கண்ணாடி, துரு ஏறாத சேஸிஸ். ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்த வயதிலிருந்து காதுக்காரர் கனவில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அப்படியே. சகலை அதன் ஸ்டியரிங்கைத் தடவியபோது, தன் தட்டில் இன்னொருத்தன் கை வைத்தது போல இருந்தது.

பழைய என்ஜினைப் பார்க்கப் போனால் அவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். ஆறிக் கிடந்தால்தான் மேலே பேச்சு. சூடாக இருந்தால், விற்கிறவன் முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி நோவை மறைக்கிறான் என்று அர்த்தம். நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுவார். அன்றும் தொட்டார். சுட்டது. வெயிலில் நிற்கிறது, சுடாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயில் குச்சியை உருவினார். தேன் நிறத்தில் புது ஆயில். வேறு வண்டியாக இருந்தால், இப்போது எதற்கு ஆயில் மாற்றினாய் என்று குடைந்தெடுத்திருப்பார். அன்று, எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உருகிப்போனார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். ஒரு முனகல் இல்லை. இதுவும் இவனுக்கா என்று வயிறு எரிந்தது.

சகலையைத் தனியே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாம் சகலை. என்ஜின் மேல்மூடி, அந்த ஹெட்டுல கிராக் இருக்கு. தண்ணியும் ஆயிலும் கலந்து என்ஜினே போயிடும். இதைக் கைகழுவுங்க."

சகலை ஒரு கேள்வி கேட்கவில்லை. "நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றார். வழியில் நிறுத்தி டீ வேறு வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த வாரமே ஜீப் காதுக்காரரிடம் வந்து சேர்ந்தது. "என்ஜின் தங்கம்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி மனைவியைச் சம்மதிக்க வைத்திருந்தார். எடுக்கப் போன அன்று வண்டி மரக்கடை வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. அதையும் அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். வரும்போது, சகலையின் கடைத்தெரு வழியாக ஒரு சுற்றுப் போகலாமா என்றுகூட ஆசை வந்தது. அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை தன் ஒர்க்ஷாப்பில், ஆறிக் கிடந்த என்ஜினை முதல்முறையாக ஸ்டார்ட் செய்தார். பின்னால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. தணியட்டும் என்று நின்றார். தணியவில்லை. திறந்து வைத்திருந்த ரேடியேட்டரில் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. ஆயில் குச்சியை உருவினால் பால் கலந்த டீயின் நிறம். ஹெட்டைக் கழற்றினார். இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழையாக விரிசல் ஓடியது. வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்த பொய், அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் மனைவி சாப்பாட்டோடு வந்தாள். கூடவே சகலை. வழியில் பார்த்துக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாராம்.

"அட, இது அந்த வண்டிதானே?"

சகலை குனிந்து, கழற்றி வைத்த ஹெட்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கிராக்! அச்சு அசலா நீங்க சொன்ன மாதிரியே!" என்றவர், காதுக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "தொறந்துகூடப் பாக்காம அன்னிக்கே சொன்னாரு, ஹெட்டு போயிருக்குன்னு. நான் ஏமாந்துடக் கூடாதுன்னு என்னை நிறுத்திட்டு, தானே வாங்கி உயிர் குடுக்குறாரு. என் கையில கெடச்சிருந்தா காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்."

மனைவி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். தங்கம் என்று கேட்டவள் அவள். கிராக் என்று கேட்டவர் சகலை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பது புரிய அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

அந்த நேரத்திலும், சொன்னால் நம்பமாட்டீர்கள், காதுக்காரருக்குச் சகலை மேல் பொறாமைதான் வந்தது. அடுத்தவனைத் தப்பாக நினைக்கவே தெரியாமல் இந்த ஆளால் எப்படி இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்க முடிகிறது என்று.

"நான் வந்த விஷயமே வேற" என்றார் சகலை. "இன்னொரு ஜீப் பாத்து வச்சிருக்கேன். இதைவிடப் பிரமாதம். ஞாயித்துக்கிழமை வந்து, காதை வச்சுக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சகலை."

இதைவிடப் பிரமாதமா? வயிற்றில் மறுபடியும் பற்றிக்கொண்டது. என்ன கலர் என்று கேட்க வாயைத் திறந்தார்.

மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரு வேண்டாம் மாப்பிள்ளை. வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க."