உப்பில்லாமல் வேகும் மீன்

உப்பு, மஞ்சள், புளி எதுவும் சேர்க்காமல் ரோகு மீன் துண்டு ஒன்றை வேகவைத்துக்கொண்டிருந்தாள் முனீஸ்வரி. கீழக்குயில்குடிப் பக்கம் அழகுராஜாவின் மீன் பண்ணையில் பதினாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. மீன் லாரி ஏறுவதற்கு முதல் நாள் ஒரு துண்டை மூடி போட்டு வேகவைத்து, திறந்ததும் எழும்பும் ஆவியை மோந்து பார்க்க வேண்டும். சேற்று வாடை அடித்தால், குளத்திலிருந்து பிடித்த மீன் அது போகும்வரை தீனியில்லாமல் போர்த்தண்ணீர்த் தொட்டியில் இன்னும் ஒரு வாரம் கிடக்கும். இல்லையென்றால் விடியலில் மதுரைக்குப் போய்விடும். அவள் மூக்கு ஒருதரம்கூடப் பிசகினதில்லை.

மூடியைத் திறந்தாள். ஒன்றும் தெரியவில்லை. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் உலை கொதிப்பதே இந்த மூக்கை நம்பித்தான்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சோணைமுத்து வாசலில் நின்றான். நடுவில் நாலு நாள் தொட்டிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் ஓடவில்லை, சந்தேகமாக இருந்தால் மீனை இன்னும் போட்டு வைக்கலாம் என்றான்.

"ஒங்க மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்க்கா. எங்க பொழப்பே அதுலதான் ஓடுது."

முனீஸ்வரி தொட்டியை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அடிவரை தெளிந்து கிடந்தது. வாடை தண்ணீரில் இல்லை, மீனின் கொழுப்பில் ஒட்டிக்கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் வாடை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மதுரையில் மீனை வாங்கிப்போன சனம், சேற்று வாடை என்று குழம்புச் சட்டியோடு கடைக்குத் திரும்பி வந்து ஏசியதாம். அழகுராஜா அவளிடம் கேட்டார். அவள் மறுபடியும் இல்லை என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. இவள் மூக்கு தப்பாது. அப்படியென்றால் மோந்து பார்த்த பிறகுதான் சோணைமுத்து குளத்துத் தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டிருக்க வேண்டும். அன்றைக்கே அவனை வரவேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் சோணைமுத்து அவளிடம் வந்தான். அடுத்த குளத்து மீன் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

"தண்ணி மாத்தத் தெரியாதவன்னு பேராகிப்போச்சு. இனி எந்தப் பண்ணையில என்னைய உள்ள விடுவான்?"

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"மொதலாளிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு வாடை அடிச்சுச்சா, இல்லையா?"

முனீஸ்வரி கரித்துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான்.

"வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.