பாதி விலை ஒயினும் என் கேப்டன் பேட்ஜும்

பாரில் சர்வீஸ் செய்கிறவர்களுக்கு ஒரு உண்மை தெரியும்: "இது அருமையா இருக்கும் சார்" என்று நாங்கள் சிரித்த முகத்தோடு சொல்கிற சரக்கில் முக்கால்வாசியை நாங்கள் வாயில் வைத்ததே கிடையாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் எனக்கு அந்த வேலைதான். தெரியாத விஷயத்தில் தலையைக் கொடுத்துவிட்டு முழித்த அத்தனை பேரும் என் கட்சி, கேளுங்கள்.

நீதானே கிறிஸ்டியன்!

செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் வேணு சார் வாயெல்லாம் பல்லாக வந்தார். ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் பத்துப் பெட்டி, பாதி விலைக்கு வருகிறதாம்! லேபிளில் ஈரம் பட்டதுதான் தள்ளுபடிக்குக் காரணம் என்று சப்ளையர் சொன்னாராம். பக்கத்து ஃபேக்டரியில் மெஷின் பூட்ட வந்திருக்கும் ஸ்பெயின் எஞ்சினியர்களுக்கு வெள்ளிக்கிழமை எங்கள் ஹோட்டலில்தான் விருந்து. அவர்கள் ஊர் ஒயினையே ஊற்றி அசத்திவிடலாம் என்பது சாரின் கணக்கு. சாம்பிள் பாட்டிலை என் கையில் திணித்தார். தேறுமா தேறாதா என்று நான் சொல்ல வேண்டுமாம். சரியாகச் சொன்னால், சர்வர்களுக்கெல்லாம் தலைமையான கேப்டன் வேலை காலியாக இருக்கிறதே, அது எனக்கு!

மூன்று வருஷமாக அந்த பேட்ஜுக்குத்தான் நாயாய் உழைக்கிறேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒயினுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம் என்று கேட்டேன்.

"இன்னாம்மா ஸ்டெல்லா இப்டி கேட்டுட்ட? வாரா வாரம் சர்ச்சுல ஒயின் குடிக்கிற ஆளு நீதான, உன்ன வுட்டா இங்க யாருக்குத் தெரியும்?"

அம்மாவின் தீர்ப்பு

எங்கள் சர்ச்சில் மாசத்துக்கு ஒரு தடவை ஒரு வாய் கிடைக்கும். அதுவும் சர்க்கரை போட்ட திராட்சை ரசம். இதைச் சொன்னால் பேட்ஜ் போய்விடுமே! வாயை மூடிக்கொண்டு சாம்பிளைத் திறந்தேன். ஐயையோ, பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. கெட்டுப்போன சரக்கா, இல்லை நல்ல சரக்கே இப்படித்தானா?

கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஒயின் செய்கிறவர் என் அம்மா. தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போய் நீட்டினேன். ஒரு மடக்கு குடித்ததும் அம்மாவின் முகம் எட்டுக்கோணலாகிவிட்டது.

"இன்னாடி இது, சக்கர போட மறந்துட்டானுங்களா?"

பெயிண்ட்காரரின் சோதனை

புதன்கிழமை மத்தியானம் முருகேசன் அண்ணா வந்தார். பெயிண்ட் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை. வார லீவு நாளில் எங்களுக்கு நிரந்தர கஸ்டமர். என் முழியைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார். கிளாஸை மெனு கார்டின் வெள்ளைப் பக்கத்துக்கு நேராகச் சாய்த்து, ஓரத்தில் பழுப்பு அடிக்கவில்லை, கலர் ஓகே என்றார். பாட்டிலுக்கு அடியில் இருந்த குழியில் கட்டைவிரலை விட்டுப் பார்த்து, இந்தக் குழியிலேயே ஒரு கட்டிங் சரக்கு குறைஞ்சு போச்சே என்று வயிறெரிந்தார். கடைசியில் ஒரு வாய் குடித்துவிட்டு, கலந்துகொள்ள கோலா கேட்டாரே பார்க்கணும்!

"இதுல போய் கோலாவா? ஸ்பெயின்காரன் பாத்தா செருப்பால அடிப்பாண்ணா!" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவே இல்லை. லேபிள் நனைந்தால் உள்ளே ஒன்றும் ஆகாது, சரக்கை வெயிலில் போட்டிருந்தால்தான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார்.

"ருசி தெரியலன்னா வுடும்மா, கார்க்கைத் தடவிப் பாரு. வெயில்ல கெடந்தா பெயிண்ட் டப்பாவே மூடியத் தூக்கினு உப்பிக்கும், இது உப்பாதா இன்னா?"

நூற்றிருபது பாட்டில்

வியாழக்கிழமை வேன் வந்தது. பத்துப் பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலின் தலையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஏழு பெட்டியில் கார்க் எல்லாம் பாட்டில் வாயோடு சமமாக இருந்தது. எட்டாவது பெட்டியில் விரல் இடறியது! மேலே சுற்றிய தாளுக்குள் கார்க் முட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் பிசுபிசுப்பு வேறு. மீதி இரண்டு பெட்டியும் அதே லட்சணம். மடக்கிக் கேட்டதும், அந்த மூன்று மட்டும் கோடை முழுக்கத் தகர ஷெட்டில் கிடந்ததாக டிரைவர் ஒத்துக்கொண்டார்.

மூன்றையும் திருப்பி ஏற்றச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சரக்கு பத்தாமல் போனாலும், ஏதாவது சொதப்பினாலும் பேட்ஜை மறந்துவிடு என்று வேணு சார் சிடுசிடுத்தார். டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார்.

"பத்து வருசமா லோடு எறக்கறேன் மேடம், பாட்டிலுக்கு நாடி புடிச்சிப் பாக்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

மார்த்தாவின் இரண்டாவது கிளாஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். எஞ்சினியர்களுக்குத் தலைவி மார்த்தா என்கிற அம்மா. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். போச்சுடா பேட்ஜ் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, அவருடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குத் திறக்கிற ஒயின் இதே மாதிரிதான் இருக்கும், நாக்கை இப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். அடேயப்பா! எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. வேணு சார் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், என் சட்டையில் கேப்டன் பேட்ஜைக் குத்தினார்.

இரண்டாவது கிளாஸுக்கு மார்த்தா என்னைக் கூப்பிட்டார். உங்கள் ஊர் வெயில் தாங்கவில்லை, கோலாவும் நிறைய ஐஸும் வேண்டும், பாதிக்குப் பாதி கலக்கணும், எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்படித்தான் குடிப்போம் என்றார். வேலை முடிந்து வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த முருகேசன் அண்ணா மெதுவாகத் திரும்பினார்.

"இன்னாமா கேப்டன், முந்தாநேத்து என்னை அந்தத் திட்டு திட்டுனியே, எங்க, அந்தம்மாவையும் ஒருவாட்டி திட்டு பாப்போம்!"

இப்போதெல்லாம் ஒயின் நன்றாக இருக்குமா என்று யாராவது கேட்டால், கேப்டன் ஸ்டெல்லா கார்க்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் ஒரு கோலாவையும் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள்.