பூசைக்கு வைத்த திராட்சரசம்

எங்கள் அப்பாவுக்குத் திராட்சைப் பைத்தியம். மலாயாவில், புக்கிட் செலம்பாவ் பக்கம் காட்டை அழித்து எடுத்த ஒரு துண்டு நிலத்தில், ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவர் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சிகளை நட்டுப் பந்தல் போட்டார். இந்த மழையில் திராட்சையா என்று ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னாண்ணே, பால் வெட்டுற கத்தியாலயே கொடியையும் வெட்டுறீங்க? அதுலயும் பால் வடியுதா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வடியுதுலா. நீ வாளி கொண்டா" என்பார் அப்பா.

கொடி காய்த்தது. சுங்கை பட்டாணி பாசாரில் அந்தப் பழத்தை விற்றுத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்.

ஜப்பான்காரன் வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. பாதிப் பந்தலைப் பிரித்து மரவள்ளி நட்டோம். அரிசி இல்லாமல் அப்பாவுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறும் வீங்கியது.

எங்கள் மாதா கோயிலிலும் பஞ்சம்தான். பூசைக்கான திராட்சரசம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கப்பல் இல்லை. ரசம் இல்லாமல் பூசை இல்லை. பூசை இல்லாமல், அதில் ஆசீர்வதித்துத் தரும் அப்பமும் இல்லை. அதைத்தான் எங்கள் சனங்கள் 'நன்மை' என்பார்கள்.

அப்பாவைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரச் சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார்: "சாமி, நன்மை குடுக்காம என்னை அனுப்பிடாதீங்க."

சாமியார் வெளியே வந்து பந்தலை அண்ணாந்து பார்த்தார். "ஒரு சாடி ரசம் செய்து கொடுங்கள். இந்த வீட்டிலேயே பூசை வைக்கிறேன்" என்றார் புத்தகத் தமிழில். நன்றாகப் பழுத்த பழம், சுத்தமான சாடி, காற்றுப் புகாத மூடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

அம்மாவும் நானும் கொடியைக் கவாத்து செய்தோம். அப்பா கட்டிலில் கிடந்தபடியே, "அந்தக் கண்ணுக்கு மேல வெட்டுடா, கீழ இல்ல!" என்று கத்துவார். பழம் வந்ததும் பிழிந்து சாடியில் ஊற்றி வைத்தோம். அப்பா தேய்ந்துகொண்டே வந்தார்.

ரசம் தெளிந்ததும் சாமியார் பூசைப் பெட்டியோடு சைக்கிளில் வந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தவர் நிமிர்ந்தார்.

"அம்மா, இதில் என்ன கலந்தீர்கள்?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "சக்கரைங்க சாமி. ஒரே புளிப்பா இருந்துச்சு. ஆண்டவருக்குப் போறது புளிக்கலாமா? சியாம் சக்கரை. எங் கூறைப்புடவையக் குடுத்து வாங்கினேன்."

சாமியார் பெட்டியை மூடினார். பழச்சாற்றைத் தவிர வேறு எதுவாவது கலந்த ரசத்தில் பூசை வைக்க அவருக்கு அனுமதி இல்லை. "நான் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் காலத்தில் சர்க்கரை யாரிடம் இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன்" என்றார். அப்பாவின் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாதான் பேசினார். "ஏண்டி அழுவுற? பூசைக்கு ஆகலன்னா எனக்கு ஆவாதா? ஊத்து." ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லா இனிக்குதுடி" என்றார்.

அடுத்த காய்ப்புவரை அவர் இருக்கவில்லை.

மறுமுறை ரசம் புளிப்பாகவே வந்தது. கோயிலில் அப்பாவுக்காகப் பூசை வைத்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நன்மை கிடைக்கிறது என்று சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். அம்மா மட்டும் முழங்காலில் இருந்து எழவில்லை.

"வாங்கம்மா" என்றேன்.

"அவருக்குக் கெடைக்காதது எனக்கு எதுக்குடா? நீ போ."

போனேன். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன். நாக்கில் அப்பம் கரையும்வரை பேசக்கூடாது. கரைந்த பிறகும் நான் அவள் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தேன்.